வண்டி முதலில் நின்ற இடம்

அப்பாவின் உயிர் பிரிந்தபோது வண்டிக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். அம்மா, என் தாய்மாமன், வண்டி ஓட்டியவர். நான் இல்லை. ஷிஃப்டுக்குள் நுழையும்போது செல்போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்பது எங்கள் கம்பெனியின் விதி. அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று சூப்பர்வைசர் மூலமாகத் தகவல் வந்து, ஓடிப்போய் லாக்கரைத் திறந்தால் போனில் சார்ஜ் இல்லை. அப்படியே கிளம்பி, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அப்பா இருந்த ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிவிட்டேன். அதே நேரத்தில் அவர்கள் அப்பாவை ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். எதிர்ச்சாலையில் ஒரு வெள்ளை வேன் சைரன் அலற, லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். "பாவம், யாரோ" என்று பக்கத்து சீட்காரர் சொன்னார். நானும் ஆமாம் என்றேன். அது அவர்களாகவே இருந்திருக்கலாம்.

அந்த வேனை ஓட்டியவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஓசூரில் ஆம்புலன்ஸ் வண்டிகள் நிற்கும் புங்கமரத்தடியில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. டாக்டர் என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள். அது கிண்டல். "எங்க டாக்டரு ஒருத்தருக்கும் டெத் சர்ட்டிபிகேட் குடுக்க மாட்டாரு" என்று பக்கத்து வண்டிக்காரர் எனக்கு விளக்கினார். ஆள் ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய் இருக்கும். வீட்டில் தெலுங்கு. ரோட்டில் கன்னடத்தில் வழி கேட்பார், தெலுங்கில் ஆறுதல் சொல்வார், தமிழில் சண்டை போடுவார். சண்டை போடுவதற்குத் தமிழ்தான் சௌகரியம் என்பது அவர் அபிப்பிராயம்.

அவருடைய வண்டிக்குள் யாரும் செத்ததில்லை. அவர் ஏற்றிவந்தவர்களில் பாதிப்பேர் ஆஸ்பத்திரி பிணவறையிலிருந்து துணி சுற்றி வந்தவர்கள். ஆனாலும் அவர் கணக்கில் எல்லோரும் பேஷண்ட். முன் சீட்டில் இருந்தபடியே அவர்களிடம் பேசிக்கொண்டு வருவார். "அண்ணே, பள்ளம் வருது, பல்லக் கடிச்சிக்கோ." "பெரியவரே, டோல்கேட்டு, ஒரு நிமிசம்." "அம்மா, இன்னும் ரெண்டு வளைவுதான், வந்துட்டோம்." மற்ற வண்டிகளில் பின்பக்கம் மாலை தொங்கவிட ஒரு கொக்கி இருக்கும். இவர் வண்டியில் இருந்த கொக்கியை அறுத்து எறிந்துவிட்டார். உயிரில்லாத உடம்பை ஏற்றிப்போகும்போது சைரன் போடுவதில்லை என்பது எல்லா வண்டிக்காரர்களும் கடைப்பிடிக்கிற வழக்கம். இவர் எல்லோருக்கும் போடுவார்.

ஒருமுறை ஒரு போக்குவரத்துக் காவலர் வண்டியை மடக்கிப் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "யோவ், பாடிக்கு எதுக்குய்யா சைரன்?" என்று கேட்டாராம்.

"சார், காலைலருந்து சாப்பிடாம ஊர்ல நூறு பேரு இவுருக்காகக் காத்துக்கினு இருக்காங்க. உங்களுக்காக யாராச்சும் அப்படிக் காத்துக்கினு இருப்பாங்களா சொல்லுங்க" என்றாராம் இவர்.

காவலர் கதவை மூடி அனுப்பிவைத்தார் என்பது இவர் சொல்கிற முடிவு. முந்நூறு ரூபாய் அபராதம் போட்டார் என்பது பக்கத்து வண்டிக்காரர் சொல்கிற முடிவு.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று நான் கேட்டிருக்கிறேன். வண்டி ஓட்டத் தொடங்கிய புதிதில் பாகலூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து அழைப்பு. தோட்டத்து வரப்பில் ஒருவர் விழுந்துகிடக்கிறார். சுற்றி நின்று பெண்கள் மாரடித்துக்கொண்டிருக்கிறார்கள். "எல்லாம் முடிஞ்சுபோச்சுப்பா, பெரியாஸ்பத்திரில காட்டி எழுதி வாங்கிட்டா தேவலை" என்று ஏற்றிவிட்டார்கள். கூட வந்த இரண்டு பேர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். பின்னால் உட்கார அவர்களுக்கு பயம். ஓசூர் மேம்பாலத்தில் வண்டி ஏறியதும் பின்னாலிருந்து ஒரு குரல்.

"தம்பி, பீடி இருக்குதா?"

முன்சீட்டுக்காரர்களில் ஒருவர் ஓடுகிற வண்டியின் கதவைத் திறக்கப் பார்த்தார். இவர் ஸ்டியரிங்கையே விட்டுவிட இருந்தாராம்.

"அன்னியிலருந்து நான் யாரையும் முடிவு பண்றதில்ல தம்பி" என்றார் என்னிடம்.

"டாக்டரே, அது முழுக் குடிகாரன். அவன் பொண்டாட்டிக்கே தெரியும், சாகலன்னு" என்று பக்கத்து வண்டியிலிருந்து குரல் வந்தது.

"குடிகாரனுக்கு மட்டும் உசுரு இல்லியா?" என்று இவர் திரும்பிக் கேட்டார்.

எங்கள் வீட்டுச் சிக்கல் இவருடைய இந்தக் குணத்தில்தான் வந்து முட்டிக்கொண்டது.

அப்பா கல்லாவிப் பக்கம் கூலி வேலை செய்துகொண்டிருந்தவர். ஓசூர் வந்து ஃபவுண்டரியில் சேர்ந்து, மணல் அச்சுகளோடு போராடி என்னை டிப்ளமா வரை படிக்கவைத்தார். எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான்தான். அதனால் கையெழுத்து, முத்திரை, ஜெராக்ஸ் என்று எது வந்தாலும் வீட்டில் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்பாவின் பி.எஃப். பணமும் அம்மாவுக்கு மாதாமாதம் வரவேண்டிய பென்ஷனும் கிடைக்க இறப்புச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் அந்தக் கோப்பையே திறக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். என் டிரெய்னி சம்பளத்தில் வாடகை போக மீதி கொஞ்சம்தான். அம்மா அதற்குள் பக்கத்தில் ஒரு தையல் கம்பெனியில் நூல் வெட்டுகிற வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

ஊருக்குப் போய் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் மறுத்தார்.

"ஆஸ்பத்திரி பேப்பர்ல என்ன போட்டிருக்குது? சொந்தக்காரங்க கேட்டுக்கிட்டதால அனுப்பினோம், போறப்ப உயிர் இருந்துதுன்னு போட்டிருக்குது. அப்ப அங்க சாவல. இங்க நான் தெருவுல விசாரிச்சா, பாதிப்பேரு சைரன் போட்டுக்கினுதான் வண்டி வந்துது, வீட்லதான் உசுரு போச்சுங்கறாங்க. உங்க பெரியப்பா மவன், வர்றப்பவே பாடிதான்னு எழுதியே குடுத்துட்டாரு. நான் எந்த எடத்தப் போட்டு எழுதறது?"

"அப்பா இறந்துதானே சார் போயிட்டாரு?"

"இறந்தது நெசம்பா. எங்க இறந்தாருன்னு ஒரு கட்டம் இருக்குதே."

எங்கள் ஊரில் வெளியில் இறந்தவரைத் தெருவுக்குள் கொண்டுவரமாட்டார்கள். ஊர் எல்லையில் புளியமரத்தடியில் வைத்து, அங்கேயே குளிப்பாட்டி, அப்படியே காட்டுக்கு எடுத்துப்போவார்கள். மூச்சு இருக்கிறது என்றால்தான் வீட்டு வாசல். சைரன் சத்தம் கேட்டதும் தெருவே ஒதுங்கி வழிவிட்டது. அப்பாவைத் தூக்கிவந்து நடுவீட்டில் கிடத்தினார்கள், அம்மா வாயில் பால் ஊற்றினாள், பிறகுதான் அழுகைச் சத்தம் எழுந்தது. பெரியப்பா மகனுக்கு அதில்தான் ஆத்திரம். அவருடைய அம்மா தர்மபுரி ஆஸ்பத்திரியில் இறந்தபோது புளியமரத்தடியோடு முடிந்துபோயிற்று.

ஆக, என் அப்பா கர்நாடகத்திலும் இறக்கவில்லை, ஊரிலும் இறக்கவில்லை.

ஓசூரில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் ஒரு பெண் ஆய்வாளர் இருந்தார். வேறொரு சந்தேகம் கேட்கப் போனவன், வாய் அடங்காமல் முழுக்கதையையும் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்காமல் கேட்டார். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"ஓடற வண்டியில போயிருந்தா, அதுக்கப்புறம் வண்டி முதல்ல எங்க நின்னுதோ அந்த ஊர்ல பதிவு பண்ணணும். வண்டிக்குப் பொறுப்பானவர் வந்து சொல்லணும். உங்க மாமா சொன்னா செல்லாது. டிரைவரக் கூட்டிக்கிட்டு வாங்க. நாள் தாண்டிடுச்சு, தாமதக் கட்டணம் வரும், உறுதிமொழிப் பத்திரம் வேணும். ஆனா வேலை நடக்கும்."

நான் படியிறங்கும்போதே பென்ஷன் வந்துவிட்டதுபோல இருந்தது. புங்கமரத்தடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

"நான் என்னா சொல்லணும்?"

"எப்ப உயிர் போச்சு, அதுக்கப்புறம் வண்டி எங்க நின்னுதுன்னு சொன்னா போதும்ண்ணா."

"எனக்கெப்படித் தம்பி தெரியும்? நான் ரோட்டப் பாத்துக்கினு இருந்தேன்."

அன்றைக்கு அவருக்கு உடனே ஒரு டிரிப் வந்துவிட்டது. அடுத்தமுறை போனபோது பேட்டரி இறங்கிவிட்டது. அதற்கடுத்தமுறை, லைசென்ஸ் முதலாளியிடம் இருக்கிறது என்றார். என்னைத் தூரத்தில் பார்த்ததும் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கத் தொடங்கிவிடுவார். பக்கத்து வண்டிக்காரர்தான் ரகசியமாகச் சொன்னார்: "பாஷை தெரியாத எடத்துல, போலீஸ் கேஸ்லகூட அந்த வார்த்தைய அவன் சொன்னதில்லப்பா. கண்ண மூடிட்டாருன்னுகூடச் சொல்லமாட்டான்."

ஒருநாள் கோபத்தில் நேராகவே கேட்டுவிட்டேன். "ஒரு வார்த்தைதானேண்ணா. எங்கம்மா நூல் வெட்டப் போறாங்க."

வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ்.

"நானா தம்பி சொல்லமாட்டேங்கறேன்? உங்கம்மா அன்னிக்கு ஊர் போற வரைக்கும் அவுரு கையப் புடிச்சி பேசிக்கினே வந்துது. வீட்டுக் கூரைக்கு ஓடு மாத்தறதப்பத்திப் பேசிச்சு. உன் கல்யாணத்தப் பத்திப் பேசிச்சு. நான்தான் பேசுக்கா பேசுக்கான்னு சொன்னேன். இப்ப நானே போயி, நீ பேசினது யாருக்கும் கேக்கலன்னு எழுதிக் குடுக்கறதா?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், அந்த ஆள் வரமாட்டார்போல, வக்கீலைப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். மறுநாள் வேலைக்குப் போகாமல் ராகிக் களியும் கீரைக் குழம்பும் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு என்னோடு புங்கமரத்தடிக்கு வந்தாள்.

அவரைச் சாப்பிடவைத்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தாள்.

"என்னாப்பா, உன் பேஷண்ட இப்படியா அம்போன்னு வுடறது?"

"என்னாக்கா?"

"ஆஸ்பத்திரிக்காரன் எங்ககிட்ட இல்லங்கறான். ஊர்க்காரன் எங்ககிட்ட வரலங்கறான். அப்ப எங்க இருக்காரு? இன்னும் உன் வண்டிலதான இருக்காரு? எறக்கி வுடுப்பா. எத்தினி நாளு அந்த ஸ்டெச்சர்லயே படுத்திருப்பாரு மனுசன்?"

அவர் களி உருண்டையைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு அதை விழுங்கிவிட்டு, கை கழுவி, "ஏறுங்க" என்றார்.

அம்மா பின்னால் காலி ஸ்டெச்சருக்குப் பக்கத்தில் அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். நான் முன்னால். "சைரன் போடட்டுமாக்கா? ட்ராபிக்கா இருக்குது" என்றார்.

"எனக்கு என்னா நோவு? சும்மா ஓட்டு."

பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது, "அண்ணே, பள்ளம்" என்று பின்பக்கம் பார்த்துச் சொன்னார். ஸ்டெச்சரில் யாருமில்லை. நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். அம்மாவோ வாய்விட்டுச் சிரித்தாள். "பழக்கம்க்கா" என்று அவரும் நெளிந்தார். இப்போது அவர் போச்சம்பள்ளியில் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கி வழிகிற பெண்களிடமும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் சொல்கிறாராம். அவர்கள் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு தூக்கத்தைத் தொடர்கிறார்களாம்.

அலுவலகத்தில் ஆய்வாளர் எங்கள் மூவரையும் உட்காரவைத்தார். லைசென்ஸ், வண்டியின் ஆர்.சி. எல்லாம் பார்த்தார்.

"வண்டி எங்கெங்க நின்னுது, சொல்லுங்க."

"எல்லைகிட்ட லாரி ஜாம் மேடம். அண்ணே, லாரிய நகத்திட்டு வர்றேன் இருன்னு சொன்னேன். அவுரு கண்ணத் தொறந்தாரு. நான் கண்ணாடில பாத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இந்தத் தம்பியோட கம்பெனி கேட்டு. பையன ஏத்திக்கலாம்னு அக்கா சொல்லிச்சு. மாமா எறங்கிப் போயி செக்யூரிட்டிகிட்ட கேட்டாரு. அவன் உள்ள தேடறேன்னு சொல்லி நிக்க வெச்சிட்டான். தம்பி அப்பவே பஸ் ஏறிப் போயிருச்சு, அது எங்களுக்குத் தெரியல."

"அப்ப அவர் எப்படி இருந்தார்?"

"நான் போயி பின்கதவத் தொறந்தேன்."

"தொறந்து?"

"அண்ணே, பையன் வந்துக்கினே இருக்கான்னு சொன்னேன்."

"அதுக்கு?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினார். ஆய்வாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் தன் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்காக அவசரப்பட்டு எட்டிப்பார்த்தார்.

"அவுரு ஒன்னும் சொல்லல மேடம்."

"அப்படி எழுத முடியாதுங்க."

"சொல்லுப்பா" என்றாள் அம்மா.

அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பார்த்து, யாரோ அடித்துக் கேட்டதுபோலச் சொன்னார்.

"மூச்சு இல்ல. போர்வைய இழுத்து வுடறாப்புல கழுத்துல கை வெச்சும் பாத்தேன். செத்துப்போயிருந்தாரு. அந்தக் கேட்டுலயே. நான் கதவச் சாத்திட்டு வந்து சைரனப் போட்டேன்."

ஆய்வாளர் எழுதத் தொடங்கினார். நான் அம்மாவின் பக்கம் திரும்பப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளே பேசினாள்.

"பால் ஊத்தறப்பவே வெளிய வழிஞ்சுது. போயிட்டாருன்னு அப்பவே தெரியும்பா. எங்கன்னுதான் தெரியல. சூளகிரியா, மத்தூரா, எந்த லாரிக்குப் பின்னாடி நிக்கறப்பன்னு படுத்தாப்போதும் இதே ரோசனை." என்னைப் பார்த்தாள். "இவன் கம்பெனி வாசலா? அதுவரைக்கும் வந்துட்டாரா?"

"வந்துட்டாருக்கா. போர்டுக்கு நேரா நிறுத்தியிருந்தேன்."

"சரி" என்றாள். "அப்புறம் நான் கூரையப்பத்திப் பேசினதெல்லாம் நீதான் கேட்டிருக்க" என்றாள்.

"ஆமாக்கா. நாட்டு ஓடே போடுக்கா. ஷீட்டு போட்டா வெயில்ல கொதிக்கும்."

ஆய்வாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இறந்த இடம் என்ற கட்டத்தில் எங்கள் கம்பெனி இருக்கும் சாலையின் பெயரும் ஓசூரும் எழுதப்பட்டன. வண்டிக்குப் பொறுப்பானவர் என்ற இடத்தில் டாக்டர் கையெழுத்துப் போட்டார். அம்மாவின் பென்ஷன் கோப்பு அந்தத் தாளால்தான் திறந்தது. ஊரில் பெரியப்பா மகன் விஷயம் தெரிந்து குதித்தார்தான். "வீட்டுக்குள்ள வந்தது வந்தாச்சு. இப்ப யாரு வெளிய எடுத்துப் போறது?" என்று மாமா கேட்டதும் அடங்கிவிட்டார்.

சில நாள் கழித்துப் புங்கமரத்தடியிலிருந்து ஒரு செய்தி வந்தது. வண்டி முதலாளிக்குப் பாடி ஏற்றினால் கூடுதல் ரேட், பேஷண்ட் என்றால் குறைந்த ரேட். வழியிலேயே இறந்தார் என்று எழுதிக்கொடுத்ததைக் கேள்விப்பட்டு, மீதி ரேட்டை டாக்டரின் சம்பளத்தில் பிடித்துவிட்டாராம். அம்மா அன்று மாலையே போனாள்.

"எவ்ளோ புடிச்சாங்க?"

"அதெல்லாம் ஒன்னுமில்லக்கா. நான் ஏத்தினது பேஷண்ட. பேஷண்ட் ரேட்டு அன்னிக்கே குடுத்துட்டீங்க. மேல வாங்கமாட்டேன்."

பணத்தை அவர் கையில் திணித்தாள். அவர் திருப்பித் திணித்தார். பக்கத்து வண்டிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அம்மா யோசித்தாள்.

"பேஷண்டுக்கு வெயிட்டிங் சார்ஜ் உண்டில்ல? கம்பெனி கேட்டுல எம்மாம் நேரம் நின்ன? அத நீ வாங்கவே இல்லியே."

அவர் வண்டியைப் பார்த்தார். அது நியாயமான பாக்கி என்பது அவருக்கே தெரிந்தது.

"மொத பத்து நிமிசம் ஃப்ரீக்கா" என்றார் கடைசியில். "அதக் கழிச்சா முந்நூறு ஆவுது."

விண்ணப்பம், தாமதக் கட்டணம், நோட்டரி, ஜெராக்ஸ், பஸ், வெயிட்டிங் சார்ஜ் என்று அப்பாவை வண்டியிலிருந்து இறக்க எங்களுக்கு ஆன செலவு, எல்லாம் சேர்த்து எழுநூற்று நாற்பது ரூபாய்.